ஒரே பெயர், இரண்டு ஆட்கள்: கரூர்ப் பக்கத்து உழவர் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் திருத்திய விவரம்

பெட்டியோடு வந்தவர்கள்

முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கணினி வந்து எழுத்தர் வேலை குறைந்த பிறகும், பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லச் சொல்லி ஆட்கள் வருவது நிற்கவில்லை. 2018 தை மாதக் கடைசியில் அப்படித்தான் இருவர் வந்தார்கள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் முறை. பெரியவருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். ஊர் கரூருக்குத் தெற்கே, அமராவதியிலிருந்து உள்ளே தள்ளிய புஞ்சைக்காடு. ஆறு தலைமுறையாக அதே மண்ணில் சோளமும் கம்பும் போட்டு, கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் புகையிலையும் ராகியும் வைத்த குடும்பம்.

வைகாசியில் அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்கு வெளியிடும் மலரில் குடும்ப வம்சாவளியை அச்சடிக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு வரைபடம் இருக்கிறது, பெட்டியில் உள்ள தாள்களைப் பார்த்து விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். நானும் பத்து நாள் வேலை என்றுதான் நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது.

பெயர்களையும் ஊரையும் அவர்கள் விருப்பப்படி இங்கே விட்டிருக்கிறேன். ஆட்களை உறவு முறையாலேயே குறிப்பிடுகிறேன்.

1986-ல் வரைந்த படம்

குடும்பத்தில் ஆசிரியராக இருந்த ஒருவர் 1986-ல் பெரிய சார்ட்டுத் தாளில் வரைந்த படம் அது. உச்சியில் ஒரே ஒரு பெயர். அதன் கீழே "1825–1931". பக்கத்தில் சிவப்பு மையில் "106 வயது வாழ்ந்தவர், தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பத்தைக் காத்தவர், தோட்டத்துக் கிணறு வெட்டியவர்" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள், அப்படியே இன்றுவரை.

ஆசிரியரிடம் இருந்த ஆதாரங்கள் மூன்று. பார்த்திப வருஷம் ஆவணி மாதம் என்று தொடங்கும் ஓர் ஓலை ஜாதகம். 1931-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் பின்பக்கங்கள். சொத்து விவரமும் கையெழுத்தும் இருந்தன, முதல் தாள் இல்லை. மூன்றாவது, வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த பஞ்சக் கதை. மூன்றிலும் ஒரே பெயர்.

இந்த மூன்றையும் அவர் சேர்த்ததில் நான் குறை காண மாட்டேன். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பத்தைக் காத்தவர் என்றால் அப்போது அவர் வளர்ந்த ஆளாக இருந்திருக்க வேண்டும். பார்த்திப வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1825, 1885, 1945. பஞ்சக் கதைக்குப் பொருந்துவது 1825 மட்டும்தான். அதனால் அதை எடுத்துக்கொண்டார். 1931-ல் கையெழுத்துப் போட்டிருப்பதால் 106 வயது வரை இருந்தார் என்று கணக்கிட்டார்.

கோவை ஜில்லாவின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சத்து 63 ஆயிரம். பத்து வருஷம் கழித்து 1881-ல் சுமார் 16 லட்சத்து 58 ஆயிரம். கரூர் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அப்படியொரு காலத்தைத் தாண்டி ஒரு குடும்பம் நின்றது என்றால், தாண்டவைத்த ஆளை வீட்டார் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடுவது இயல்பு. அந்த 106 வயது இந்த வீட்டில் வெறும் எண்ணாக இல்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அத்தை சொன்னது

ஆரம்பத்திலேயே எனக்கு ஒன்று உறுத்தியது. 1931 பத்திரத்தில் உள்ள கையெழுத்து நடுக்கமில்லாதது. எழுத்தாணி பிடித்த கையின் எழுத்தாகவும் இல்லை. காகிதத்தில் பேனா பிடித்துப் பழகிய கை. ஆனால் கையெழுத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. "அவரை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். "எங்க அத்தை ஒருத்தர் இருக்காங்க. ஆனா அவங்க அப்ப சின்னப் புள்ளைங்க" என்றார்கள்.

அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. 1931-ல் கையெழுத்துப் போட்டவர் அவருக்கு அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. நாங்கள் போனபோது திண்ணையில் உட்கார்ந்து ஆமணக்கு உடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பேசினார்.

"அப்பாரு சாகறப்ப எனக்கு ஆறு வயசுங்க தம்பி. காலையில கவலை ஓட்டிட்டு வந்து இந்தத் திண்ணையிலதான் படுத்தாரு. எந்திரிக்கவே இல்லீங்க."

கவலை ஓட்டுவது என்பது எருதுகளைச் சரிவில் இறக்கி, வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இறைப்பது. பறி நிரம்பி மேலே வந்து கொட்டியதும் எருதுகளைப் பின்னால் நடத்திக்கொண்டு சரிவேற வேண்டும். விடியற்காலையில் நூறு நடைக்குக் குறையாது. அத்தை பிறந்தது 1934. அப்படியானால் அவர் சொல்வது 1940 வாக்கில். படத்தின் கணக்குப்படி அப்போது அவருக்கு 115 வயது.

"இத எங்கிட்ட யாரும் கேக்கலீங்க. நூத்தியாறுன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தானாகவே இன்னொன்று சொன்னார். அவருடைய ஆத்தா, அதாவது அப்பாருவின் மனைவி, அடிக்கடி சொல்வாராம்: "எங்க மாமியா அவரப் பேர் சொல்லியே கூப்புட மாட்டாங்களாம். மாமனாரு பேரு அதுங்கறதால 'சின்னய்யன்'னுதான் கூப்புடுவாங்களாம்."

இந்த ஆய்வில் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பியது. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்ததுதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்ற மகனை வேறு பெயரில் கூப்பிட்டிருக்கிறாள். அப்படியானால் அதே பெயரில் இன்னொருவர், 'பெரிய அய்யன்', இருந்திருக்கிறார். தாத்தாவையும் அவருடைய தாத்தாவையும் வீட்டில் 'அப்பாரு' என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். கதைகள் கைமாறி வந்தபோது இரண்டு அப்பாருகளும் ஒருவராகிவிட்டார்கள். இனி முதல் ஆளைப் பாட்டன் என்றும் இரண்டாவது ஆளைப் பேரன் என்றும் எழுதுகிறேன்.

ஓலை ஜாதகம்

சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்துக்கொண்டு ஜாதகத்தை எடுத்தேன். "ஜனனி ஜன்ம சௌக்யானாம்" என்று வழக்கமாகத் தொடங்கும் ஒற்றை ஓலை. கலியுக வருஷமும் சாலிவாகன சகாப்தமும் எழுதியிருந்த ஓரத்தைச் செல் அரித்துவிட்டது. அந்த எண்களில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் 1986-லேயே இந்தக் குழப்பம் வந்திருக்காது. மிஞ்சியது வருஷப் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், இராசிக் கட்டம்.

ஆசிரியர் வருஷப் பெயரை மட்டும் பார்த்திருந்தார். அறுபது வருஷச் சுழலில் ஒரு கண்ணி உண்டு. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றச் சுமார் 12 வருஷம், சனிக்குச் சுமார் 29½ வருஷம். அறுபது வருஷத்தில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் போய், இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆகவே குருவையும் சனியையும் பார்த்து 1825-ஆ 1885-ஆ என்று பிரிப்பது கடினம். கட்டத்தில் குரு சிம்மத்தில் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு ஆவணியிலும் சிம்மம்தான்.

ராகு அப்படி இல்லை. ஒரு சுற்றுக்குச் சுமார் 18½ வருஷம், அதுவும் பின்னோக்கி. அறுபது வருஷத்தில் மூன்று முழுச் சுற்றும் அதற்குமேல் ஏறத்தாழ கால் சுற்றும் போயிருக்கும். 1825 ஆவணியில் ராகு விருச்சிகத்தில். 1885 ஆவணியில் கன்னியில். ஓலைக் கட்டத்தில் 'ரா' என்ற எழுத்து கன்னியில் இருந்தது.

கிழமையும் அதையே சொன்னது. அறுபது சூரிய வருஷம் என்பது 21,915 நாளும் சொச்சமும். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து, சில சமயம் ஆறு. அதனால் ஒரே தமிழ் மாதமும் தேதியும் அறுபது வருஷ இடைவெளியில் ஒருபோதும் ஒரே கிழமையில் வராது. ஊர் ஜோசியர் தம் பஞ்சாங்கக் கணக்கிலும், குடும்பத்துப் பையன் ஒருவன் கைப்பேசிச் செயலியிலும் தனித்தனியாகப் பார்த்தார்கள். இருவரையும் ஒருவரிடம் ஒருவர் கேட்காமல் பார்க்கச் சொன்னேன். இரண்டும் 1885 என்றே வந்தன.

ஆக, ஜாதகம் பேரனுடையது. 1931-ல் அவருக்கு 46 வயது. தாது வருஷத்தில் அவர் பிறக்கவே இல்லை.

முதல் தாள்

அடுத்த வேலை, 1931 பத்திரத்தின் காணாமல்போன முதல் தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்துக்குப் புத்தகத்தில் முழு நகல் இருக்கும். இணையத்தில் பார்க்கிற வில்லங்கம் இத்தனை பின்னால் போகாது. பெயர் அட்டவணையிலும் சொத்து அட்டவணையிலும் கையால் தேடத்தான் வேண்டும். இந்தியாவில் இன்றைய முறையிலான பத்திரப் பதிவு 1865 தொடக்கத்திலிருந்து நடக்கிறது. உழவர் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. 1871-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தாலும் ஆள் பெயர் எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக வம்சக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். அது வடநாட்டுக் குடும்பங்களுக்கு. நமக்கு மண்ணைப் பற்றிய தாள்தான் வம்சாவளி.

சான்றிட்ட நகல் வர ஐந்து வாரம் ஆனது. முதல் தாளில் பேரனின் பெயருக்கு முன்னால் "இன்னார் குமாரர்" என்று அவருடைய அப்பா பெயர் இருந்தது. அந்தப் பெயர் 1986 படத்தில் எங்குமே இல்லை. குடும்பத்தில் யாருமே கேள்விப்படாத பெயர். அத்தைக்கும் தெரியவில்லை.

பாட்டனுக்கும் பேரனுக்கும் நடுவில் ஒருவர் கிடைத்துவிட்டார். அவர் ஏன் இப்படி முற்றாக மறைந்துபோனார் என்பது அப்போது புரியவில்லை.

'நம்முது இல்லை' என்று ஒதுக்கிய பை

டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணிப்பை ஒன்று கிடந்தது. முதல் நாளே கேட்டிருந்தேன். "அது நம்முது இல்லீங்க. ஏதோ பொம்பளப் பேர்ல இருக்குது. யாரோ அடகு வச்ச பத்திரமாட்ட இருக்கும்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். அது என் தவறு. மூன்று மாதம் கழித்து, நடுவில் இருப்பவரின் பெயர் தெரிந்த அன்று இரவு, அந்தப் பை நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை போய் வாங்கினேன்.

உள்ளே விக்டோரியா ராணி தலை போட்ட முத்திரைத்தாள் இரண்டு. மடிப்பில் கிழிந்து, பின்னால் கோந்தும் துணியும் வைத்து ஒட்டியிருந்தது. தேதி முழுக்கத் தமிழ் எண்ணில்: ௲௮௱௯௰௬, அதாவது 1896. துன்முகி வருஷம் ஆனி மாதம் என்று கூடவே எழுதியிருந்தது, இரண்டும் ஒத்துப்போகின்றன. பெட்டியைப் பார்த்த ஒருவருக்கும் அந்த எண்கள் தெரியாததால் அதைத் தேதி என்றே யாரும் எண்ணவில்லை.

எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, 11 வயதுள்ள மைனர் மகனுக்குத் தாயும் கார்டியனும் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கணவர் பெயர், 1931 பத்திரத்தின் முதல் தாளில் கண்ட அதே பெயர். மைனர் மகனின் பெயர், பேரனின் பெயர். 1885-ல் பிறந்தவருக்கு 1896-ல் வயது 11. அதற்கு அடுத்த வரியில், "மேற்படி மைனரின் பாட்டனார் பேரில் பட்டா நடந்துவருகிற" புஞ்சை என்று பாட்டனின் பெயர். மூன்று தலைமுறையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. நான் அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

அவர் வாங்கிய கடன் 150 ரூபாய். எதற்கு என்பதும் எழுதியிருந்தது: தோட்டத்தில் கிணறு வெட்டின செலவுக்கும் எருது ஒரு ஜோடி வாங்கவும்.

இந்தக் காரணம் தற்செயலாக எழுதியது அல்ல. மைனர் சொத்தைக் கார்டியன் அடகு வைத்தால், குடும்பத்தின் அவசியத்துக்கோ சொத்தின் நன்மைக்கோதான் வைத்தார் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பையன் மேஜரானதும் அதைச் செல்லாது என்று சொல்லலாம். அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1856-ல் வகுத்த நெறி இது. கடன் கொடுப்பவர்கள் அதனால்தான் காரணத்தை விவரமாக எழுதிக் கேட்பார்கள். சொந்தச் சொத்தை அடகு வைக்கும் ஆண்கள் "என் குடும்பச் செலவுக்காக" என்ற ஒரே வரியில் முடித்திருப்பார்கள். மைனருக்காகத் தாய் எழுதிய பத்திரங்களில்தான் அந்தக் காலத்துப் பண்ணையம் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய பத்திரம் தேடுகிறவர்கள் அவற்றை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

அடியில் கையெழுத்துக்குப் பதில் பேனாவால் ஒரு கீறல். இன்னாள் கைக்கீறல் என்று பக்கத்தில் எழுத்தர் எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் பற்று வரவு: பத்து ரூபாய், பதினைந்து ரூபாய், ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை, பிறகு இருபது. குரோதி வருஷம் ஆடி மாதம், அதாவது 1904-ல், அசலும் வட்டியும் தீர்ந்தது என்று முடிகிறது. கடன் தீர்ந்ததால் மூலப் பத்திரம் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அது இந்தப் பெட்டியில் இருந்ததே அவர் அடைத்துவிட்டார் என்பதற்குச் சாட்சி.

'106 வயது அப்பாரு' வெட்டியதாகச் சொல்லிவந்த கிணறு அதுதான். சர்வே எண்ணைக்கொண்டு சரிபார்த்தோம். அந்தத் தோட்டத்தில் வேறு கிணறு இல்லை.

இந்தப் பெண் ஏன் மறைந்தார்

அன்றைய இந்து சட்டப்படி, பாகம் பிரியாத குடும்பத்தில் கணவன் இறந்தால் சொத்து நேரே மகனுக்குப் போகும். விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும்தான். அதில் அவருக்கு உரிமை தரும் சட்டம் 1937-ல்தான் வந்தது. ஆகவே பதினொரு வயதுப் பையனை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் கடனடைத்த பெண்ணின் பெயரில் ஒரு நாளும் பட்டா இருந்ததில்லை. பட்டா பாட்டன் பெயரிலிருந்து நேரே பேரன் பெயருக்கு மாறியிருக்கிறது. இரண்டு பெயரும் ஒன்று என்பதால், மாறியதே வெளியில் தெரியவில்லை. நடுவில் இளவயதில் இறந்தவரும், அவருக்குப் பின் பண்ணையத்தைத் தாங்கிய மனைவியும் அந்த இடுக்கில் விழுந்துவிட்டார்கள்.

பழைய இறப்புப் பதிவேட்டின் தாலுகா நகலில் அந்தப் பெண்ணின் பெயரைக் கண்டோம்: 1918 ஐப்பசி, வயது சுமார் 55, காரணம் காய்ச்சல். உலகம் முழுக்க விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன மாதங்கள் அவை. அதே பக்கத்தில் அந்தச் சின்ன ஊரிலிருந்து இன்னும் ஒன்பது பேர்.

செட்டில்மென்ட் பதிவேடும் கண்டிக்குப் போனவரும்

பாட்டன் தனி ஆள்தான் என்பதற்குப் பத்திரத்துக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் முடிந்த நில அளவை செட்டில்மென்ட்டின் பதிவேட்டில் ஒவ்வொரு புலத்துக்கும் புதிய எண், பழைய பைமாஷ் (முந்தைய நில அளவை) எண், பட்டாதாரர் பெயர், தீர்வை எல்லாம் இருக்கும். இதைத் தேடித் திருச்சிக்கு மூன்று முறை அலைந்தேன். கரூர் தாலுகா 1910-ல்தான் கோவையிலிருந்து திருச்சி ஜில்லாவுக்கு மாறியது. அதற்கு முந்தைய தாள் கோவைக் கணக்கில்தான் இருக்கும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கையெல்லாம் பழக்கத்தில் திருச்சி என்றே எழுதியது.

பதிவேட்டில் பாட்டன் பெயர் இருந்தது. அது கூட்டுப் பட்டா; பக்கத்தில் இன்னொரு பெயர், அதே தகப்பன் பெயரோடு. தம்பி என்று எடுத்துக்கொள்ளலாம். பிந்தைய கணக்குகளில் அந்தத் தம்பி இல்லை. அத்தையிடம் கேட்டபோது, "ஒரு அப்பாரு பஞ்சத்துல கண்டிக்குப் போனவரு, திரும்பலைன்னு சொல்லுவாங்க" என்றார்.

குடும்பத்தார் உடனே இரண்டையும் சேர்த்துவிடச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி) வழியாகப் போனவர்களுக்கு, நேட்டாலுக்கோ மொரீசியஸுக்கோ ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு உள்ளதுபோல ஆள்வாரியான கப்பல் பட்டியல் கிடையாது. இந்தப் பேச்சை அந்தப் பெயரோடு இணைக்க ஒரு தாளும் இல்லை. மேலும், பஞ்சத்துக்குப் பிந்தைய கணக்கில் பட்டாதாரராக இருப்பவர் பஞ்சத்திலேயே போயிருந்தால், கணக்கில் பழைய பெயர் அப்படியே நின்றிருக்க வேண்டும். அதுவும் நடக்கும்தான். ஆனால் நடந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு அப்பாருகளை ஒருவராக்கியதால் வந்த வினையைத்தான் ஒரு வருஷமாக அவிழ்த்துக்கொண்டிருந்தோம். அதே முடிச்சை நானே இன்னொரு இடத்தில் போட மாட்டேன் என்றேன்.

எடுத்த முடிவுகள்

பாட்டனின் பிறந்த வருஷத்தைக் காலியாக விட்டோம். 1825 என்பதற்கு இப்போது எந்த ஆதாரமும் இல்லை. ஏறத்தாழ என்று எழுதினாலும் அது மறுபடி உறுதியான எண்ணாகிவிடும்.

ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் பத்திரம், பதிவேடு, ஓலை, சொல்வழி என்று எதிலிருந்து வந்தது என எழுதினோம். பஞ்சக் கதையை அழிக்கவில்லை. பாட்டன் பெயருக்குக் கீழே "சொல்வழி" என்று குறித்து வைத்தோம். அது அவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெண்களை "மனைவி" என்று கட்டத்துக்குள் அடைக்காமல், பெயரோடும் பிறந்த ஊரோடும் தனிக் கட்டமாகப் போடச் சொன்னேன். எட்டுப் பெண்களுக்குப் பெயர் கிடைத்தது. நான்கு பேருக்குக் கட்டம் மட்டும் வரைந்து காலியாக வைத்தோம்.

கும்பாபிஷேக மலரில் வம்சாவளி வேண்டாம் என்று முடிவானது. வேலை முடியவில்லை, அச்சில் ஒருமுறை ஏறியதைப் பிறகு திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1986 படமே போதும்.

அதன் பிறகு

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. 106 வயது போய்விட்டதில் சிலருக்கு வருத்தம். பங்காளி ஒருவர், பட்டா வரிசை மாறினால் இப்போதுள்ள பாகத்துக்கு ஏதாவது வில்லங்கம் வருமா என்று பயந்தார். 1931 பாகப்பிரிவினை அப்படியே நிற்கிறது, அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று தாளைக் காட்டி விளக்கினேன்.

அதிகம் நொந்தவர் படம் வரைந்த ஆசிரியரின் மகன். அப்பா பொய் எழுதிவிட்டார் என்று ஊர் பேசும் என்றார். அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பேச்சினிடையே ஆசிரியரின் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். அதில் படத்துக்கான முன்வரைவு. பார்த்திப என்பதற்குப் பக்கத்தில் பென்சிலில் "1825? 1885?" என்று இரண்டு கேள்விக்குறி. அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சார்ட்டில் நல்லெழுத்தில் எழுதும்போது கேள்விக்குறிகள் மட்டும் விட்டுப்போயின. அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வம்சாவளிக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறோம்.

2019 பங்குனியில் திருத்திய படம் முடிந்தது. குடும்பத்தார் அதைத் தோட்டத்து வீட்டில் கூடிப் படித்தார்கள். 1896 பத்திரத்தை அத்தை கையில் கொடுத்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. கீறல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைத் தடவிப் பார்த்தார்.

இன்னொரு முறை செய்தால்

பெட்டியைத் திறக்கும் முன் வீட்டில் வயதான பெண்களிடம் போவேன். அத்தையை மூன்றாவது வாரம்தான் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பேச்சை அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்திருக்கவும் வேண்டும். 'சின்னய்யன்' வாக்கியத்தை நினைவிலிருந்துதான் எழுதி வைத்தேன்.

'நம்முது இல்லை' என்று ஒரு தாளையும் ஒதுக்க விடமாட்டேன். வேறு யாருடைய பத்திரமும் காரணமில்லாமல் ஒரு வீட்டுப் பெட்டியில் நூறு வருஷம் இருக்காது.

கணக்குப்பிள்ளை வீட்டையும் விட்டுவிட்டேன். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்தபோது, பழைய கணக்குகள் பல அவர்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. இந்த ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டை 2018 கடைசியில் இடித்துவிட்டார்கள். நான் போனபோது செங்கல் மட்டும் கிடந்தது.

இன்னும் திறந்திருப்பது

கிணறு வெட்டியவரின் பிறந்த ஊர் இன்னும் தெரியவில்லை. பத்திரம் அவரைக் கணவன் வழியாக மட்டுமே அடையாளம் சொல்கிறது. ஆனால் சாட்சி போட்ட இருவரில் ஒருவர் அமராவதிக்கு அக்கரை ஊர்க்காரர். கைம்பெண் கடன் வாங்கும்போது பக்கத்தில் நிற்க அண்ணனோ தம்பியோ வருவது வழக்கம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் அத்தை, "எங்க கண்ணாலத்துக்கு அந்த ஊர்ல இருந்து சீர் வந்துச்சுங்க. என்ன மொறைன்னு கேட்டதுக்கு, பழைய ஆத்தா வூட்டு வழின்னு மட்டும் சொன்னாங்க" என்றார். அந்த ஊர்ச் செட்டில்மென்ட் பதிவேட்டில் சாட்சியின் தகப்பன் பெயரைத் தேட நகல் மனு போட்டிருக்கிறோம். இந்த முறை கோவைக் கணக்கில்.